முறுக்கிய விரல்கள், முளைக்கும் ரத்தக் குழாய்கள்: மதுரை 'டாக்டர் வி' யார்?

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி 'கண் ஆஸ்பத்திரி' என்று சொன்னால் ஆட்டோக்காரர் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குத்தான் வண்டியைத் திருப்புவார். அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. ஊருக்கும் உலகத்துக்கும் அவர் 'டாக்டர் வி'. லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைத் தன் கையாலேயே செய்தவர்.

அந்தக் கை எப்படிப்பட்டது என்பதுதான் விஷயம். விரல்கள் எல்லாம் முறுக்கிக்கொண்டு, மூட்டுகள் கோணிப்போன கை. இளம் வயதில் வந்த முடக்குவாதம் அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது, கண் டாக்டராகவும் ஆக்கியது. அந்த நோயில் மூட்டுக்குள் நடக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதே வேலைதான் இன்று மதுரை வட்டாரத்தில் சர்க்கரை நோயாளிகளின் பார்வையையும் பறிக்கிறது. ஒரு திசு தன் நிலைமை மாறும்போது புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்வது. கேட்க நல்ல காரியம் மாதிரி இருக்கும். எல்லா நேரத்திலும் அப்படி இல்லை.

மணலில் எழுதிப் படித்த பையன்

வெங்கடசாமி பிறந்தது 1918 அக்டோபர் 1. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமம். அப்பா கோவிந்தப்பா விவசாயி. 5 பிள்ளைகளில் வெங்கடசாமிதான் மூத்தவர். காகிதமும் பென்சிலும் இல்லாத காலம் அது. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்து கற்றார்கள்.

சின்ன வயதிலேயே அவர் சொந்தத்தில் 3 பெண்கள் அடுத்தடுத்து பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார்கள். கிராமத்தில் டாக்டர் கிடையாது. பெரியவனானதும் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆக வேண்டும் என்ற முடிவு அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-ல் பட்டம் வாங்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்த ஆண்டே ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 3 ஆண்டுகள் கழித்து, 1948-ல், கடுமையான முடக்குவாதத்தோடு ராணுவத்தில் இருந்து அனுப்பப்பட்டார். வயது 30 ஆகியிருக்கும். மாதக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்து நிற்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. பிரசவ டாக்டர் கனவு அதோடு முடிந்தது.

மூட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

முடக்குவாதம் என்றால் வயசானவர்களுக்கு வரும் மூட்டு வலி என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் இது. எந்த வயதிலும் வரலாம்.

மூட்டின் உள்பக்கத்தை ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கும். எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து மூட்டு வழுக்கி அசைய உதவுவது இந்த உறைதான். முடக்குவாதத்தில் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக இங்கே வந்து இறங்குகின்றன. மெல்லிய உறை தடித்துப்போகிறது. அணுக்கள் பெருகப் பெருக, இருக்கிற ரத்த ஓட்டம் போதாமல் போகிறது. உள்ளே ஆக்சிஜன் குறைகிறது.

ஆக்சிஜன் குறைந்த அணு சும்மா இருக்காது. அதற்குள் ஒரு புரத உணரி இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கும்வரை அந்தப் புரதம் உடனுக்குடன் சிதைக்கப்படும். குறைந்தால் சிதையாமல் சேர்ந்து, அணுவின் மரபணுக்களை முடுக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முடுக்கப்படும் மரபணுக்களில் முக்கியமான ஒன்று, விஇஜிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதத்தை உருவாக்குகிறது. இந்தப் புரதம் அணுவில் இருந்து வெளியே கசிந்து பக்கத்து ரத்தக் குழாயைத் தொட்டால், அந்தக் குழாயின் சுவரில் இருந்து கிளை முளைக்கும். எங்கே புரதம் அதிகமோ அந்தத் திசையில் கிளை நீளும். தண்ணீர் இருக்கும் பக்கம் வேர் போகிற மாதிரி.

காயம் ஆறுவதும், கருவில் குழந்தை வளர்வதும் இப்படித்தான். ஆனா முடக்குவாதத்தில் புதுக் குழாய் வந்தால் கூடவே புது எதிர்ப்பு அணுக்களும் வந்து சேருகின்றன. உறை இன்னும் தடிக்கிறது, இன்னும் ஆக்சிஜன் கேட்கிறது, இன்னும் குழாய் முளைக்கிறது. கடைசியில் அந்தத் தடித்த திசு குருத்தெலும்பு மேல் படர்ந்து, எலும்பையும் அரிக்கிறது. விரல்கள் கோணிப்போவதன் பின்னணி இதுதான்.

டாக்டர் வி படுக்கையில் விழுந்த 1948-ல் இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. ஒரு சின்னத் துப்பு மட்டும் அதே ஆண்டில் கிடைத்தது. அதுவும் மூட்டில் இருந்து வரவில்லை, கண்ணில் இருந்து வந்தது. ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளரும் விதத்தைப் பார்த்து, ஆக்சிஜன் குறைந்த விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை இழுக்கிறது என்று எழுதினார். அந்தப் பொருளுக்குப் பெயர் வைக்க இன்னும் 40 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

கத்தி பிடிக்கப் பழகிய விரல்கள்

உடம்பு கொஞ்சம் தேறியதும் வெங்கடசாமி கண் மருத்துவத்துக்கு மாறினார். நீண்ட நேரம் நின்று, பலத்தைக் கொடுத்துச் செய்யும் பிரசவ அறுவையை அந்தக் கையால் செய்ய முடியாது. கண் அறுவைக்கு வேண்டியது நுணுக்கம், பலம் இல்லை. உட்கார்ந்தே செய்யலாம். ஆனாலும் கோணிய விரலால் கண்ணைக் கீறுவது என்றால் லேசான காரியமா? தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிப்பதையே முதலில் இருந்து பழகினார். 1951-ல் சென்னை அரசு கண் மருத்துவமனையில் எம்.எஸ். பட்டம் பெற்றார். பிறகு ஒரே நாளில் 100 அறுவை வரைக்கும் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் அறுவை மருத்துவராகவும் வந்தார். இன்றைய ராஜாஜி அரசு மருத்துவமனைதான் அது. 20 ஆண்டுகள் அங்கேதான். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் கிராமங்களில் கண் முகாம்கள் போட்டார். 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த முகாம்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண்புரைதான் பிரச்சினை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கண்ணின் லென்ஸில் ரத்தக் குழாயே கிடையாது. கருவில் இருக்கும்போது லென்ஸைச் சுற்றி ஒரு குழாய் வலை இருக்கும். பிறப்பதற்கு முன்பே அது தானாகக் கரைந்துவிடும். வெளிச்சம் தடையில்லாமல் போக வேண்டுமே. பிறந்த பிறகு லென்ஸுக்கு வேண்டிய சத்து எல்லாம் சுற்றியுள்ள திரவத்தில் இருந்துதான். அதனால் கண்புரை வந்தால் லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணாடி கொடுக்கலாம், பிற்காலத்தில் வந்தபடி செயற்கை லென்ஸ் வைக்கலாம். பெரும்பாலும் ஒரே அறுவையில் வேலை முடிந்தது.

டாக்டர் வியின் முழுத் திட்டமும் இந்த ஒரே அறுவையை நம்பித்தான் எழுந்தது. 1976-ல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றதும், அண்ணா நகரில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மேல் இருந்த பக்தியால் அந்தப் பெயர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. நகையை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பிய கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள், அந்த வருமானத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அறுவை நடந்தது. ஒரு அறுவை முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பினால் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மெக்டொனால்ட்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் வேகமாக இயங்குவதைப் பார்த்து அவர் வியந்தது உலக மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமே ஆகிவிட்டது. இறக்குமதி லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டாது என்பதால் 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடமும் வந்தது.

ரத்தக் குழாய் வளர்ச்சி பற்றி டாக்டர் வி ஆராய்ச்சி செய்தவர் கிடையாது. ஆனா அவருடைய ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டிய இரண்டு வகை நோயாளிகள் அந்தப் பிரச்சினையை உள்ளே கொண்டுவந்தார்கள்.

நெற்கதிர் குத்திய கண்

முதல் வகை, வயலில் வேலை செய்பவர்கள். அறுவடை நேரத்தில் நெற்கதிரோ வைக்கோலோ கண்ணில் குத்தும். சின்னக் கீறல்தானே என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் பூஞ்சை உள்ளே போய்ப் புண்ணாகிவிடும். 1993-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் கணக்கிடப்பட்டதைப் போல சுமார் 10 மடங்கு.

கருவிழியின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்திலும் சாதாரணமாக ரத்தக் குழாய் கிடையாது, நிணநீர் நாளமும் கிடையாது. ஓரத்தில் வெள்ளை விழியில் குழாய்கள் நிறைய இருக்கின்றன. அவை ஏன் உள்ளே வருவதில்லை? இதற்கு விடை 2006-ல்தான் வந்தது. வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பாட்டியும் அவர் அண்ணன் ஜெயகிருஷ்ண அம்பாட்டியும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு அது. கருவிழிப் படலம் தன்னிடம் வரும் விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்து முடக்கிப்போடும் ஒரு பொறியைத் தானே சுரந்துகொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதை உறுதிசெய்ய அவர்கள் பார்த்த விலங்குகளில் ஒன்று நம் கடலில் வாழ்வது. அமெரிக்கக் கரையோரத்தில் வாழும் மனாட்டி என்ற கடல்பசு இனத்துக்குக் கருவிழியில் இயல்பாகவே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதன் கருவிழியில் அந்தப் பொறிப் புரதம் இல்லை. அதன் உறவுக்கார விலங்கு, பாக் நீரிணைப் பக்கம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு. அதன் கருவிழி தெளிவாக இருக்கிறது, பொறிப் புரதமும் இருக்கிறது. யானையிலும் அப்படியே.

பூஞ்சைப் புண்ணில் நடப்பது என்னவென்றால், அழற்சி ஏற ஏற விஇஜிஎஃப் அளவு பொறியை மிஞ்சிவிடுகிறது. ஓரத்தில் இருந்து ரத்தக் குழாய்கள் உள்ளே ஊர்ந்து வருகின்றன. கூடவே நிணநீர் நாளங்களும் வருகின்றன. இவற்றை வளர்ப்பது விஇஜிஎஃப் குடும்பத்தின் வேறு புரதங்கள். ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் டாக்டர் பார்த்துவிடலாம். நிணநீர் நாளம் கண்ணுக்கே தெரியாது. ஆனா பின்னால் வரும் சிக்கலில் அதன் பங்கு பெரிது.

புண் ஆறித் தழும்பானால் தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள். மற்ற உறுப்புகளைப் போல் பொருத்தம் பார்க்காமலே கண் தானம் பெரும்பாலும் வெற்றி பெறுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த இடத்தில் குழாய்கள் இல்லாததுதான். வந்திருப்பது அந்நியத் திசு என்று உடலுக்குத் தகவல் போக வழியில்லை. நிணநீர் நாளம் வளர்ந்துவிட்ட கண்ணில் அந்த வழி திறந்துவிடுகிறது. தகவல் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும், அங்கே தயாராகும் எதிர்ப்பு அணுக்கள் ரத்தக் குழாய் வழியாகத் திரும்பி வரும். பொருத்திய கருவிழி மங்கிப்போகும். குத்திய அன்றே டாக்டரிடம் வந்த விவசாயிக்கும், இரண்டு வாரம் கழித்து வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிது.

விழித்திரை பட்டினி கிடந்தால்

இரண்டாவது வகை, சர்க்கரை நோயாளிகள். இவர்கள் எண்ணிக்கை டாக்டர் வியின் காலத்திலேயே ஏறத் தொடங்கிவிட்டது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போனால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கெட்டு அடைபடும். ஒளியை உணரும் விழித்திரை உடம்பிலேயே அதிக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் ஒன்று. பட்டினி தாங்காது. அதுவும் விஇஜிஎஃப் சுரக்கிறது. புதுக் குழாய்கள் முளைக்கின்றன. ஆனா இவை அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி, சுவர் பலவீனம். விழித்திரைக்குள் போகாமல் அதன் மேற்பரப்பில் படர்ந்து கண்ணின் நடுப்பகுதிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் உடைந்தால் கண் முழுக்க ரத்தம். இன்னும் மோசமானால் தழும்பு இழுத்து விழித்திரையே பிய்ந்து வரும்.

கொடுமை என்னவென்றால், உடையும் வரை பார்வை நன்றாகவே இருக்கலாம். கண்புரை வந்தவர் தானாக முகாமுக்கு வருவார், மங்கலாகத் தெரிவதால். இவர் வர மாட்டார். வந்த பிறகு ஒரே அறுவையில் முடிக்கவும் முடியாது. டாக்டர் வி கட்டிய ஏற்பாட்டுக்கு இது புதுச் சவால்.

அரவிந்த் தொடங்கிய அதே 1976-ல்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. லேசர் கதிரால் விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டால், கடும் பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது. நடுப் பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைப் பலி கொடுக்கிற வைத்தியம் அது. சுட்ட பகுதி இனி ஆக்சிஜன் கேட்காது, எனவே விஇஜிஎஃப் குறையும், குழாய் சுருங்கும். ஆனா அந்தப் புரதம் எது என்று அப்போது தெரியாது. நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானி 1989-ல் அதைப் பிரித்தெடுத்து அதன் மரபணுவை வாசித்தார். 1994-ல் சர்க்கரை நோயாளிகளின் கண் திரவத்திலேயே அது கூடுதலாக இருப்பது நிரூபணமானது. மைக்கேல்சன் 1948-ல் ஊகித்த பொருளுக்கு முகம் கிடைத்தது.

மதுரையில் விழித்திரைப் பிரிவை வளர்த்தவர் நம்பெருமாள்சாமி. சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனி முகாம்கள் வந்தன. 2004 முதல் கிராமப்புறங்களில் சிறிய பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே எடுக்கும் படத்தை நகரத்தில் இருக்கும் டாக்டர் கணினித் திரையில் பார்த்துச் சொல்லலாம். வயல் வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்கு வரவேண்டாம்.

ஒரு வாரம்

விஇஜிஎஃப் புரதத்தை முடக்கும் முதல் மருந்து பெவாசிசுமாப். 2004-ல் பெருங்குடல் புற்றுநோய்க்காக வந்தது. கட்டிகளும் இதே வழியில்தான் ரத்தக் குழாய்களைத் தங்களிடம் இழுத்துக்கொள்கின்றன. அதே நிறுவனம் கண்ணுக்கென்று தயாரித்த ரானிபிசுமாப் ஊசிக்கு, வயதானவர்களுக்கு வரும் ஒரு விழித்திரை நோய்க்காக, அமெரிக்க அரசு 2006 ஜூன் 30 அன்று அனுமதி கொடுத்தது. பின்னர் சர்க்கரை நோய்க் கண்ணுக்கும் அது விரிந்தது.

சரியாக ஒரு வாரம் கழித்து, 2006 ஜூலை 7 அன்று, டாக்டர் வி மதுரையில் காலமானார். வயது 87.

அவருக்குப் பிடித்த கேள்வி ஒன்று இந்த ஊசியைச் சுற்றியே எழுந்தது: நல்ல மருந்து சரி, ஏழைக்கு என்ன விலை? கண்ணுக்கென்று வந்த ஊசி விலை அதிகம். புற்றுநோய்க்கு வந்த மருந்தின் ஒரு குப்பியைப் பல சிறு ஊசிகளாகப் பிரித்தால் செலவு பல மடங்கு குறைகிறது. உலகம் முழுக்க கண் டாக்டர்கள் அப்படிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்த முதியோர் விழித்திரை நோயில் பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று 2011-ல் அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு சொன்னது. ஆனா பிரிக்கும்போது கிருமி கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உயிர் நாடியான விஷயம். தவறினால் கண்ணே போய்விடும்.

2016-ல் கூகுள் நிறுவனம் விழித்திரைப் படத்தைப் பார்த்து சர்க்கரை பாதிப்பைக் கண்டுபிடிக்கும் ஏஐ முறையை வெளியிட்டது. அதைப் பழக்கப் பயன்பட்ட படங்களில் அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் இருந்தன. 2018 அக்டோபர் 1 அன்று, டாக்டர் வியின் நூற்றாண்டில், அதே கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது.

லேசரா, ஊசியா?

ஊசி லேசரைப் போல ஓரப் பார்வையைச் சுட்டுப் பறிப்பதில்லை. ஆனா அது வந்த புரதத்தை முடக்குகிறது, அவ்வளவுதான். குழாய் அடைபட்ட விழித்திரையின் பட்டினி அப்படியேதான் இருக்கிறது. மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிந்தால் விஇஜிஎஃப் மறுபடி ஏறும். அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும், மாதம் ஒருமுறை என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில்.

லேசர் பெரும்பாலும் ஓரிரு தடவையில் முடியும், அதன் பலனும் நீடிக்கும். நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டவர்களை ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், லேசர் மட்டும் செய்தவர்களை விட ஊசி மட்டும் போட்டவர்களுக்கே கண் அதிகம் கெட்டிருந்தது. சோழவந்தானில் இருந்தோ உசிலம்பட்டியில் இருந்தோ பஸ் ஏறி, துணைக்கு மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு, அவர்கள் கூலியும் போக வருகிற ஒருவர் அடுத்த மாதமும் வருவாரா, அதற்கு அடுத்த மாதமும் வருவாரா என்பதை மதிப்பிட்ட பிறகுதான் விழித்திரை டாக்டர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.